மாலத் தீவுக்கு வரும் மரம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

இந்துமாக்கடலில் நமக்குத் தென்மேற்கே சிதறிக் கிடக்கும் மாலத் தீவுகளைப் படத்தில் பார்த்திருக்கும் எவரும் அங்கே மரத்துக்குப் பஞ்சம் என்று எண்ணமாட்டார்கள். நீலக் கடல், வெண்மணல், அதன் மேல் சாய்ந்து நிற்கும் தென்னைகள். இதுவே நாம் கண்ட காட்சி. ஆனால் அந்நாட்டில் ஒரு கதவு நிலை வைக்க வேண்டுமா, கடற்பாலத்துக்குப் பலகை பரப்ப வேண்டுமா, அதற்கான வன்மரம் கப்பலேறி வந்தாக வேண்டும். ஏறத்தாழ 1190 தீவுகள். அவற்றுள் மக்கள் வாழ்பவை 200-க்கும் குறைவு. எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினாலும் 300 சதுர கிலோமீட்டர்தான். நம் நாட்டில் ஒரு வட்டத்தின் அளவுகூட இராத அந்நிலத்தில், 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். அவர்களுக்கு வேண்டிய மரம் எங்கிருந்து வருகிறது, அந்த வரவு காலந்தோறும் ஏன் மாறியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளில் எனக்கு நாட்டம் ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கேற்றும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவர்களில் நானே முதல்வன். மாலே நகருக்குப் போகும் தோணியில் வெங்காயமும் காய்கறியும் கட்டடச் சாமான்களும் ஏற்றிவிட்டு வரும் அவரிடம், “அங்கேதான் தென்னை நிறைய நிற்கிறதே, பிறகு மரம் எதற்கு அப்பா?” என்று ஒருமுறை கேட்டேன். “ஏல, தென்னையில நிலை வச்சா எத்தனை நாளைக்கு நிக்கும்? வைரம் பாஞ்ச மரம் வேணும்லா” என்றார். வகுப்பறையில் ஒரு பாடவேளை முழுவதும் விளக்கிய செய்தியை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

அந்த வரியின் தாவரவியல் பொருளைச் சற்றே காண்போம். இருவித்திலைத் தாவரங்களாகிய தேக்கு, வேங்கை, மருது முதலியவற்றின் தண்டில் வளர்திசு ஆண்டுதோறும் புதுக் கட்டையை உண்டாக்கும். உள்ளேயுள்ள பழைய கட்டை எண்ணெயும் பிசினும் ஏறி இறுகி வைரமாகும். அதைத்தான் தச்சர்கள் நாடுவர். தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதற்கு அத்தகைய வளர்திசு இல்லை. அதன் வலிமை வெளிச்சுற்றில் நெருங்கிக் கிடக்கும் நார்க்கற்றைகளில் இருக்கிறது. நடுப்பகுதி சோறு போல் மென்மையானது. உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும், புறத்தே வைரம் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியர் பிரித்தார். அவர் கணக்கில் தென்னையும் பனையும் புல்லினமே. தாவரவியலில் ‘வன்மரம்’ என்னும் பெயர், கட்டை கெட்டியா மெதுவா என்பதைக் கொண்டு வைக்கப்பட்டதன்று. பூக்கும் இருவித்திலை மரங்களுக்கு உரியது. தக்கை போன்று இலேசான பால்சாவும் வன்மர வகையே. எனவே மாலத் தீவினர் தேசிய மரமாகப் போற்றும் தென்னை, எத்தனை வேலை செய்தாலும் வன்மரப் பட்டியலில் சேராது.

ஆனால் அது செய்த வேலை சிறிதன்று. நூற்றாண்டுக் கணக்காக மாலத் தீவினரின் படகுகள் தென்னம்பலகையால் ஆனவை. அவர்கள் படகைத் ‘தோனி’ என்பர். நம் தோணியும் அதுவும் ஒரே சொல் எனலாம். 1343-44-இல் அங்கே தங்கி நீதிபதியாகவும் இருந்த இபின் பதூதா, தீவுகளில் திரித்த தென்னங்கயிறு பல நாடுகளுக்கு ஏற்றுமதியானதையும், ஆணிக்குப் பதில் அக்கயிற்றால் மரக்கலப் பலகைகளைத் தைத்ததையும் குறித்துள்ளார். அடிப்புறத்தைக் கப்பல் புழு துளைக்காதிருக்கச் சுறா ஈரலின் எண்ணெயைப் பூசினர். (2010-இல் சுறாப் பிடிப்பதையே அந்நாடு தடை செய்துவிட்டது.)

பலகைக்குத் தென்னை போதும். படகின் விலா எலும்பு போன்ற வங்குக் கால்களுக்குப் போதாது. அவற்றுக்கு இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த வன்மரக் கிளை வேண்டும். நேர்க் கட்டையை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு அலை மோதும்போது பிளந்துவிடும். இதற்குத் தீவுகளிலேயே சில மரங்கள் உண்டு. பவள மணலும் உப்புக் காற்றும் ஒத்துக்கொள்ளும் மரங்கள் மிகச் சிலவே. அவை யாவும் நமக்கும் பழக்கமானவை. அவர்கள் ‘ஹிருந்து’ என்பது நம் ஊர் வேலியோரத்துப் பூவரசு. ‘மிதிலி’ நாட்டு வாதுமை. ‘திக்கா’ நீர்ப்பருத்தி. ‘ஃபுனா’ என்பது புன்னை. அந்தப் பெயரைக் கேட்கும்போதே எனக்குப் புன்னை என்று ஒலிக்கிறது, மொழியறிந்த பேராசிரியர்கள்தாம் உறுதி சொல்ல வேண்டும். பூவரசும் புன்னையும் படகுக்கு உகந்தவை. ஆனால் தீவுக்குத் தீவு சில மரங்களே நிற்கும். ஒரு புன்னை முதிர ஒரு தலைமுறைக் காலம் ஆகும். ஆகவே மரத்தின் தேவை குறைவாக இருந்தவரையில்தான் இந்த ஏற்பாடு தாங்கியது.

தேவை பெருகியது எப்படி? இங்கேதான் நம்மவர் பலர் அறியாத ஒரு தொடர்ச் சங்கிலி இருக்கிறது. அதன் முதற் கண்ணி மாசிக் கருவாடு. சூரை மீனை அவித்து, புகையிட்டு, உலர்த்திச் செய்யும் மாசியைப் பெரும்பாலும் வாங்கி வந்தது இலங்கை. 1970-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கை அந்த வாணிகத்தைச் சுருக்கியது. தீவினரின் முக்கிய வருவாய் அடிபட்டது. அதற்கு மாற்றாக, பிடித்த மீனைப் பச்சையாகவே வெளிநாட்டுக் குளிர்பதனக் கப்பல்களுக்கு விற்கத் தொடங்கினர். பச்சை மீன் காத்திருக்குமா? படகு விரைந்து வர வேண்டும். 1974 முதல் பாய்மரத் தோனிகளில் இயந்திரம் பொருத்தப்பட்டது. இயந்திரம் வந்ததும் படகு பெரிதாயிற்று. அதன் அதிர்வைத் தாங்கக் கனத்த அடிக்கட்டையும் வங்கும் தேவைப்பட்டன. பெரிய படகுக்கு நீண்ட பலகை வேண்டும். தென்னை தருவது குறுகிய பலகை. ரா பவளத்தீவுக் கூட்டத்தில் அலிஃபுஷி என்னும் தீவு படகுத் தச்சர்களுக்குப் பெயர் பெற்றது. அத்தகைய தச்சர்களின் உளிக்கு முன்னே தென்னையின் இடத்தில் கீழ்நாட்டு வன்மரங்கள் வந்து சேர்ந்தன. கொழும்புச் சமையலறையில் மாசி குறைந்ததன் விளைவை மலேசியக் காட்டு மரம் அனுபவித்தது!

வந்த மரங்கள் யாவை? பெரும்பகுதி மலேசியா, இந்தோனேசியா நாடுகளின் மழைக்காட்டு மரங்கள். சிங்கப்பூர் வழியாகவும் வரும். ‘மெராந்தி’ நடுத்தரக் கனமுள்ளது. கதவு, சன்னலுக்கு ஏற்றது. ‘பாலாவ்’ மிகக் கனமானது; கன மீட்டருக்கு 900 கிலோவையும் தாண்டும். (தேக்கு 650 கிலோ அளவில் நிற்கும்.) இவ்விரண்டும் ஷோரியா என்னும் பேரினம்; நம் குங்கிலிய மரத்தின் உறவினர். ‘கபூர்’ என்று இன்னொரு மரம். பெயரைப் பார்த்ததும் கற்பூரம் நினைவுக்கு வருகிறதல்லவா? சரியே. சுமத்திரா, போர்னியோ தீவுகளிலிருந்து பழங்காலத்தில் நம் நாட்டுக்கு வந்த உயர்ந்த கற்பூரம் அம்மரத்தின் வயிற்றில் விளைந்ததே. ஒரு காலத்தில் மருந்துக்கும் பூசைக்கும் சிட்டிகை சிட்டிகையாக வாங்கிய மரத்தை இன்று கட்டடத்துக்குக் கன அடி கணக்கில் வாங்குகிறார்கள்.

1972-இல் மாலே நகருக்கு அருகே குரும்பா என்னும் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. தொடக்கத்தில் பவளக் கல் சுவரும் தென்னங்கீற்றுக் கூரையுமே விடுதி. இன்று 170-க்கு மேற்பட்ட விடுதித் தீவுகள் உள்ளன. 2024-ஆம் ஆண்டில் வந்த பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டினர். அதாவது நாட்டு மக்களைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அவர்களுள் பலர் விரும்புவது நீரின் மேல் நிற்கும் குடில். அக்குடிலின் தூண் பெரும்பாலும் கான்கிரீட்டாக இருந்தாலும், காலடி படும் மேடை மரமாகத்தான் இருக்க வேண்டுமாம். வெயிலில் சுடாத, வழுக்காத, பார்வைக்கு இனிய தரை வேண்டுமே!

இதற்கு எவ்வளவு மரம் ஆகும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலமுள்ள மேடைக்கு 25 மில்லிமீட்டர் பலகை போட்டால் சரியாக ஒரு கன மீட்டர். இப்படி 50 குடில்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 கன மீட்டர். அவற்றை இணைக்க 500 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் நடைபாதை; அதற்கு 25. பலகையைத் தாங்கும் சட்டங்களுக்கு இதில் பாதி சேர்த்தால் மொத்தம் 112 கன மீட்டரைத் தாண்டுகிறது. நம் மரக்கடைக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 4000 கன அடி. 50 கன அடி ஒரு டன் என்று கொண்டால் 80 டன். உருட்டு மரத்தை அறுக்கும்போது தோராயமாகப் பாதி தூளாகவும் ஓரக் கழிவாகவும் போய்விடும். ஆகவே காட்டில் சாய்ந்தது இதைப்போல் இரு மடங்கு. இது ஒரு விடுதியின் தரை மட்டும். கூரை, கதவு, கட்டில், நாற்காலி எதுவும் சேரவில்லை. உப்பும் வெயிலும் பட்ட பலகை நிரந்தரமுமன்று, சில ஆண்டுகள் கழித்து மாற்றியாக வேண்டும். மீனவனின் படகு உழைத்துச் சம்பாதிக்கும் மரம். இந்த மேடை பயணி வெறுங்காலுடன் நடக்கும் மரம். இரண்டும் இறக்குமதிக் கணக்கில் ஒரே தலைப்பில்தான் நிற்கின்றன.

விற்கும் நாடுகளின் பக்கம் சற்றுத் திரும்புவோம். இந்தோனேசியா 1985-இல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. ஒட்டுப்பலகை ஆலைகளை வளர்ப்பதே அதன் நோக்கம். தீபகற்ப மலேசியாவும் அதே ஆண்டில் அதே வழி சென்றது. தாய்லாந்து 1989-இல் காட்டு மரம் வெட்டுவதையே தடை செய்தது. மறு ஆண்டு இலங்கை இயற்கைக் காடுகளில் வெட்டுவதை நிறுத்தியது. பர்மாத் தேக்கு என்று நாம் போற்றும் மரத்தின் தாயகமான மியன்மார் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மரத்தை வெளியே விடுவதில்லை.

நம் நாடு? பக்கத்திலிருக்கும் பெரிய நாடு நாமல்லவா, ஏன் நாமே விற்கக் கூடாது என்று கேட்கத் தோன்றும். 1981-ஆம் ஆண்டின் இந்திய-மாலத் தீவு வாணிக உடன்பாட்டின் கீழ் அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை ஆகியவற்றோடு ஆற்று மணலும் சல்லிக் கல்லும்கூட ஆண்டுதோறும் அளவு குறித்து அனுப்பப்படுகின்றன. உண்ணவும் கட்டவும் வேண்டியவை உள்ள அந்தப் பட்டியலில் மரம் இல்லை. காரணம் எளிது; நமக்கே போதவில்லை. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை நாடெங்கும் காடு வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. இன்று ஆப்பிரிக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் தேக்கு முதலிய மரங்கள் எங்கள் தூத்துக்குடித் துறைமுகத்திலேயே வந்து இறங்குகின்றன. ஒரே ஊரில் ஒரு பக்கம் மரம் இறங்க, மறு பக்கம் மாலத் தீவுக்குத் தோணி புறப்படுகிறது.

இத்தடைகளால் மாலத் தீவுக்கு என்ன நேர்ந்தது? வருகின்ற மரத்தின் உருவம் மாறியது. உருட்டு மரம் போய் அறுத்த பலகை வந்தது. பிறகு இழைத்து வரிபோட்ட தரைப்பலகையும், ஒட்டுப்பலகையும், பொருத்தத் தயாரான கதவும் வந்தன. வளைந்த மரம் மட்டும் வரவில்லை. அறுப்பாலைக்கு நேர்மரமே வேண்டும். வளைந்த கிளை அங்கே கழிவு. பலகை கடல் கடந்து வரும், வங்குக்கு மட்டும் தீவின் பூவரசையும் புன்னையையும் தேடு என்ற நிலையில் எத்தனை தோனி கட்ட முடியும்? கண்ணாடி இழைப் படகு வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அதை ஓர் அச்சில் வார்த்துவிடலாம். வளைவு மரம் வேண்டாம், கப்பல் புழுவும் அண்டாது. இன்று பெரிய மீன்பிடிப் படகுகள் பெரும்பாலும் அப்பொருளாலேயே ஆகின்றன. படகுக்கென்று தொடங்கிய வன்மர வாணிகம் படகை விட்டுவிட்டு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தது.

வாணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உலகச் சுங்க அட்டவணையில் உருட்டு மரத்துக்கு 4403, அறுத்த மரத்துக்கு 4407, இழைத்த தரைப்பலகைக்கு 4409, ஒட்டுப்பலகைக்கு 4412, கதவு சன்னலுக்கு 4418 என்று தனித்தனி எண்கள் உண்டு. மேசை 9403, நாற்காலி 9401. முன்கூட்டிச் செய்து பிரித்துக் கொண்டுவரும் குடில் 9406. பாலாவ் மரம் பலகையாக வந்தால் 4407. அதே மரம் வரிபோட்ட தரைப்பலகையாக வந்தால் 4409. குடிலாகவே வந்தால் மர அத்தியாயத்தையே விட்டு வெளியேறிவிடும். ஒருவர் 4407-ஐ மட்டும் எடுத்துப் பார்த்து, “வன்மர இறக்குமதி குறைகிறது, காடு பிழைத்தது” என்று எழுதினால் அவர் கணக்குத் தப்பாது, முடிவுதான் தப்பும். கொள்ளை நோயால் 2020-இல் பயணிகள் வரவு முந்திய ஆண்டின் 17 லட்சத்திலிருந்து ஐந்தரை லட்சமாகச் சரிந்தது. அத்தகைய ஆண்டை நடுவில் வைத்துக்கொண்டு ஏற்றம் இறக்கம் பேசுவதும் பொருந்தாது.

சுவருக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1658-இல் மாலேயில் எழுந்த வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் செதுக்கிய பவளக் கல்லால் ஆனது. உள்ளே மரச் செதுக்கலும் அரக்கு வேலையும் கண்ணைப் பறிக்கும் என்பர். அன்று பவளம் கடலில் இலவசம். கரையைக் காக்கும் பாறையையே பெயர்த்து வீடு கட்டுகிறோம் என்று உணர்ந்தபின், 1990-களில் பவளம் எடுப்பதைக் கட்டுப்படுத்தினர். அதன் இடத்தில் சிமெண்டு வந்தது. சிமெண்டு என்றால் வார்ப்புப் பலகை வேண்டும், முட்டு வேண்டும், அதற்கும் மரம். கல்லைக் காத்ததற்கு விலையாகப் பிறநாட்டு மரம் என்று சொல்லலாமா? நான் சொல்லத் தயங்குகிறேன். பவளப் பாறை போனால் தீவே போய்விடும். காடு போனால் மறுபடி வளர்க்க வழியுண்டு. ஆனால் பாலாவ் வளரும் காட்டருகே வாழ்பவர் இந்தக் கணக்கை ஒப்புவாரா என்பது வேறு.

இறக்குமதி மரத்தால் தீவு மரங்கள் தப்பின என்று மகிழவும் முடியவில்லை. கோடரி ஓய்ந்த இடத்தில் மண்வெட்டி வந்தது. புதிய விடுதித் தீவுகளுக்கு உடனடி நிழல் வேண்டி, மக்கள் வாழும் தீவுகளில் வளர்ந்து நின்ற தென்னைகளையும் மற்ற மரங்களையும் வேரோடு தோண்டிப் படகிலேற்றிக் கொண்டுபோகும் வழக்கம் பெருகியது. 2006-இல் மரங்களை வெட்டுவது, பிடுங்குவது, ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோவது ஆகியவற்றைக் கட்டுப்படுத்தி விதிமுறை இயற்றினர். பெயர்க்கும் மரத்துக்கு ஈடாகப் புது மரம் நட வேண்டும் என்பதும் அதில் அடங்கும். ஆயினும் இந்த வழக்கத்தைப் பற்றிய கண்டனம் அதன் பிறகும் எழுந்த வண்ணமே இருந்தது. கடற்கரையோரத்துப் புதரும் பூவரசும் புன்னையும் உப்புக் காற்றைத் தடுத்து உள்ளே உள்ள தென்னையையும் கறிப்பலாவையும் காக்கின்றன. அவற்றின் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சராசரி ஒன்றரை மீட்டரே உயரமுள்ள நாட்டில், அந்தப் பச்சை வேலியில் விழும் ஒரு துளையை எந்தக் கப்பலும் கொண்டுவரும் மரத்தால் அடைக்க முடியாது. பூவரசம் போத்தை ஈர மணலில் ஊன்றினால் துளிர்த்துவிடும். புன்னைக்கு விதை போட்டுக் காத்திருக்க வேண்டும்.